நோர்த் பிரபுவும் அவருடைய கடைசி மகனும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையைப் பற்றி எழுதும்போது, 1795இல் ஆங்கிலேயர் அதை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்ததையும், மூன்று வருஷம் கழித்து பிரடெரிக் நோர்த் என்பவர் இலங்கையின் முதலாவது ஆங்கிலேயத் தேசாதிபதியாக வந்திறங்கியதையும் இரண்டு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வரியைப் பற்றித்தான். யார் இந்த நோர்த், எந்த வீட்டுப் பிள்ளை, இவ்வளவு தூரம் ஏன் வந்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றோடொன்று தொடர்புள்ள கேள்விகளாகப் பார்த்து எடுத்திருக்கிறேன்.

சேர், அமெரிக்காவை இழந்த பிரித்தானியப் பிரதமர் நோர்த் பிரபுவும் இலங்கைக்கு வந்த நோர்த்தும் ஒருவரா? பிரபு என்றால் பிரபுக்கள் சபையில்தானே இருக்க வேண்டும், அவர் எப்படி மக்கள் சபையில் இருந்தார்? எங்கள் வகுப்பில் இதற்காகச் சண்டையே வந்துவிட்டது.
(உயர்தர வகுப்பு மாணவி, களுவாஞ்சிக்குடி)

இரண்டு பேர், மகள். தகப்பனும் மகனும். இருவருக்கும் பிரடெரிக் நோர்த் என்ற ஒரே பெயர், அதனால்தான் பாடப்புத்தகம் படிக்கிற பிள்ளைகள் எல்லோருமே ஒரு தடவையாவது தடுமாறுகிறார்கள். 1770இலிருந்து 1782 வரை பிரதமராக இருந்தவர் தகப்பன். 1798 ஒக்டோபரில் கொழும்புக்கு வந்தவர் அவருடைய மூன்றாவது மகன், கடைசி ஆண்பிள்ளை.

இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. வகுப்பில் சண்டை வந்தது நியாயம்தான். பிரதமருடைய தகப்பன், அதாவது இங்கே வந்தவரின் பாட்டன், பெயர் பிரான்சிஸ் நோர்த். அவருக்கு 1752இல் கில்போர்ட் ஏர்ள் என்ற பட்டம் கிடைத்தது. ஏர்ள் என்பது பிரபுக்களில் மேல்தட்டில் உள்ள ஒரு படி. அப்படிப்பட்டவரிடம் பெரும்பாலும் அதற்குக் கீழ்ப்பட்ட சின்னப் பட்டங்களும் இருக்கும். பிரான்சிஸிடம் நோர்த் என்ற பரன் பட்டம் ஏற்கெனவே இருந்தது. தகப்பன் உயிரோடு இருக்கும்வரை மூத்த மகன் அந்தச் சின்னப் பட்டத்தை ஒரு மரியாதைப் பெயராக வைத்துக்கொள்ளலாம் என்பது அந்த நாட்டு வழக்கம். ஊரெல்லாம் அவரை 'நோர்த் பிரபு' என்று கூப்பிடும், சட்டத்தின் முன் அவர் சாதாரண பிரஜை. பிரபுக்கள் சபையில் அவருக்குக் கதிரை கிடையாது, ஆனபடியால் மக்கள் சபைத் தேர்தலில் நிற்கலாம். அவர் அப்படித்தான் நின்றார், பிரதமராக இருந்த 12 வருஷமும் மக்கள் சபையிலேயே இருந்தார்.

ஜோர்ஜ் மன்னர்கள் காலத்து மக்கள் சபையில் இப்படிப்பட்ட மூத்த மகன்மாரும் அவர்களுடைய தம்பிமாரும் நிறையப் பேர். பெயர்தான் மக்கள் சபை.

பட்டமும் சொத்தும் தகப்பன் செத்த பிறகுதான் என்றால், அதுவரை வாரிசு என்ன செய்வார்? சும்மா இருந்து சாப்பிடுவாரா?
(வயல் செய்கிற ஒரு வாசகர், தம்பிலுவில்)

தம்பி, இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் நோர்த் பிரபுவின் வாழ்க்கை முழுவதும் இந்தக் காத்திருப்புக்குள்தான் இருக்கிறது. இதை விளங்கிக்கொள்ளாமல் அவருடைய அரசியலை விளங்கிக்கொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

1732இல் பிறந்தார். ஈட்டன் பள்ளிக்கூடம், ஒக்ஸ்போர்டில் டிரினிட்டி கல்லூரி, அதன்பிறகு அந்தக் காலத்துப் பணக்காரப் பிள்ளைகள் எல்லோரும் செய்கிறபடி ஐரோப்பாவைச் சுற்றி மூன்று வருஷப் பயணம், கூட்டாளியாக மாற்றாந்தாயின் மகன் டார்ட்மவுத் பிரபு. திரும்பி வந்ததும் 1754இல், 22 வயதில், பான்பரி என்ற ஊரின் உறுப்பினராகப் பாராளுமன்றத்துக்குள் போய்விட்டார். 1767இல் நிதியமைச்சர், 1770இல் பிரதமர். அப்போது வயது 37. இவ்வளவும் ஆன பிறகும் வீட்டில் அவர் தகப்பனிடம் கைச்செலவுக்குக் காசு வாங்குகிற மகன்தான்.

தகப்பன் பணக்காரர், ஆனால் கை இறுக்கமானவர். மகனுக்குக் கொடுத்த தொகை, பிரதமராக லண்டனில் நடத்த வேண்டிய வாழ்க்கைக்குக் காணவில்லை. பிள்ளைகள் பெருகினார்கள், கடன் கூடியது. 1777இல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் தானே முன்வந்து 20,000 பவுண் வரை தந்து கடனை அடைக்கிறேன் என்றார், அடைத்தும் கொடுத்தார். அன்பாகச் செய்த உதவிதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த நேரம் அமெரிக்கப் போர் நடந்துகொண்டிருக்கிறது, அந்தப் போரை நடத்த தான் பொருத்தமான ஆள் இல்லை என்று நோர்த் பிரபு மன்னரிடம் திரும்பத் திரும்பச் சொல்லி விலகக் கேட்கிறார், மன்னர் விடவில்லை, கடனை அடைத்த மனிதனிடம் முகத்தை முறித்துக்கொண்டு எழும்பிப் போக இவராலும் முடியவில்லை. நம்முடைய ஊரிலும் பெரிய வயற்காரரான ஒரு போடியாரிடம் கைமாற்று வாங்கியவன் அவர் சொல்லுக்கு மறுசொல் சொல்ல மாட்டான். அந்த நாட்டின் பிரதமருக்கும் அந்த நிலைமைதான் இருந்தது என்று படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன்.

1781 ஒக்டோபரில் யோர்க்டவுனில் பிரித்தானியப் படை சரணடைந்தது. அடுத்த மார்ச்சில், பாராளுமன்றம் தன்னை வெளியே தள்ளப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் விலக முடிந்தது. 1783இல் பழைய எதிரியான பொக்ஸோடு சேர்ந்து ஒரு கூட்டரசாங்கம் அமைத்தார், அது அந்த வருஷமே கவிழ்ந்தது. பிறகு கண்பார்வையும் போய்விட்டது.

தகப்பன் செத்தது 1790 ஓகஸ்ட் 4ஆம் திகதி, 86 வயதில். அன்றைக்குத்தான் நோர்த் பிரபு உண்மையாகவே ஏர்ள் ஆனார். வயது 58, கண் தெரியாது. 1792 ஓகஸ்ட் 5ஆம் திகதி அவரும் போய்ச் சேர்ந்தார். வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த பட்டத்தை இரண்டு வருஷமும் ஒரு நாளும் வைத்திருந்தார்.

பான்பரி மக்கள் ஏன் திரும்பத் திரும்ப அவருக்கே வாக்குப் போட்டார்கள்?
(ஏறாவூர் வாசகர்)

பான்பரி மக்கள் போடவில்லை. நகரசபையைச் சேர்ந்த 18 பேருக்கு மட்டும்தான் அங்கே வாக்கு இருந்தது. பக்கத்தில் உள்ள ரொக்ஸ்டன் மாளிகையில் இருந்தது நோர்த் குடும்பம், அந்த நகரத்தின் கௌரவத் தலைமைப் பதவியும் அவர்கள் கையில். தகப்பன் 36 வருஷம் அந்தத் தொகுதியை வைத்திருந்தார், அவர் ஏர்ள் ஆனதும் மூத்த மகன் ஜோர்ஜ், ஜோர்ஜ் ஏர்ள் ஆனதும் நம்முடைய பிரடெரிக். 1792இலிருந்து 1794 வரை இலங்கையின் வருங்காலத் தேசாதிபதி அந்தப் 18 பேரின் உறுப்பினர். 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வந்த பிறகுதான் அந்த ஊரில் வாக்கு விரிந்தது.

சேர், இவ்வளவு ஆண்பிள்ளைகள் கதை சொல்கிறீர்கள், அந்த வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லையா? இங்கே வீடு வளவெல்லாம் பெண்ணுக்குத்தானே.
(குடும்பத் தலைவி, பாண்டிருப்பு)

அக்கா, நீங்கள் கேட்டது சரியான இடம். நம்முடைய பக்கம் குடி என்பது தாய் வழி. வயிற்றுவார் என்று சொல்வோம். பிள்ளை தாயின் குடி, வீடு மகளுக்குச் சீதனம், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார், கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் பொறுப்பு பல இடங்களில் மாமனிடமிருந்து மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்குப் போகும். தமிழரிடம் மட்டுமில்லை, கிழக்கில் முஸ்லிம் வீடுகளிலும் வீடு பெண்ணுக்குத்தான். இந்த வழக்கத்துக்கு முக்குவர் சட்டம் என்ற பெயரில் நீதிமன்றத்திலேயே ஒரு காலம் மதிப்பு இருந்தது, 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு அது போயிற்று. சட்டம் போனாலும் வழக்கம் போகவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

அங்கே நிலைமை நேர் எதிர். ஏர்ள் பட்டம் ஆண் வழிக்கு மட்டும். மூத்தவர் ஜோர்ஜ் 1802இல் இறந்தபோது அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள் இருந்தார்கள், உயிரோடு ஆண்பிள்ளை இல்லை. ஏர்ள் பட்டம் அந்த மூன்று பிள்ளைகளையும் தாண்டி அவருடைய தம்பி பிரான்சிஸுக்குப் போனது. அவருக்கும் பிள்ளை இல்லை, 1817இல் அவர் போனதும் கடைசித் தம்பி பிரடெரிக்குக்கு வந்தது. மூன்று சகோதரர்கள் ஒருவர் பின் ஒருவராக ஏர்ள்.

இதிலே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அதே வீட்டின் பழைய நோர்த் பரன் பட்டம் பெண் வழியிலும் போகக்கூடியது. ஆனால் மூன்று பெண்களுக்கும் சம உரிமை என்பதால் ஒருவருக்கும் கொடுக்காமல் 1802இலிருந்து 1841 வரை அதை அப்படியே நிறுத்தி வைத்தார்கள். கடைசியில் சூசன் என்ற மகளுக்குக் கிடைத்தது. ஆண்பிள்ளைகள் மூன்று பேர் இருந்தால் மூத்தவன் எல்லாம் எடுப்பான், பெண்பிள்ளைகள் மூன்று பேர் இருந்தால் மூத்தவள், இளையவள் என்ற வேறுபாடே கிடையாது, அதனால் ஒருத்திக்கும் இல்லை! நம்முடைய ஊரில் ஒரு தாய் தன் மூன்று பெண்களுக்கும் வளவைப் பிரித்து மூன்று வீடு கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடுவாள்.

மூன்றாவது மகன், சொத்து இல்லை, சரி. அதற்காக ஒரு தீவையே தூக்கிக் கொடுப்பார்களா? அவர் இங்கே நல்லது செய்தாரா கெட்டது செய்தாரா, நேராகச் சொல்லுங்கள்.
(ஆசிரியர், மட்டக்களப்பு நகரம்)

நேராகச் சொல்கிறேன்: இரண்டும் செய்தார், கெட்டதற்கான விலை நம்முடைய பக்கத்து ஆட்களும் கொடுத்தார்கள்.

மூத்தவனுக்கு நிலம் என்றால் இளையவனுக்கு உத்தியோகம் தேட வேண்டும், அதுதான் அங்கத்தைய முறை. பிரடெரிக்குக்கு முதலில் லண்டன் துறைமுகச் சுங்கத்தில் ஒரு பதவி, பிறகு பிரித்தானியர் கையில் கொஞ்சக்காலம் இருந்த கோர்சிக்காத் தீவில் ஆட்சிச் செயலாளர் பதவி, அதன் பின்னால் இலங்கை. 32 வயது. பிரதமரின் மகன் என்பது கதவைத் திறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் வெறும் கையோடு வந்த ஆள் இல்லை. பல மொழி படித்தவர், கிரேக்க மொழியில் பைத்தியம் போல ஆசை. 1791இல் கோர்பு என்ற கிரேக்கத் தீவில் இரகசியமாகக் கிரேக்க வைதீகத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றவர். அந்த இரகசியத்தை வைத்துக்கொண்டுதான் பாராளுமன்றத்திலும் இருந்தார், இங்கேயும் வந்தார்.

இவர் வருவதற்கு முன்னால் கிழக்கிந்தியக் கம்பெனி, சென்னையிலிருந்து ஆட்களை இறக்கி வரி வசூலித்து, தென்னைக்கும் வரி போட்டு, 1797இல் பெரிய கலகத்தையே உண்டாக்கி வைத்திருந்தது. நோர்த் வந்து 1799இல் நீதி விசாரணையில் சித்திரவதை செய்வதை நிறுத்தினார். 1800 ஓகஸ்ட் 2ஆம் திகதி நில அளவைத் திணைக்களத்தைத் தொடங்கினார். அம்பாறையில் இன்றைக்கும் வயற்காணிக்கு எல்லைத் தகராறு வந்தால் நீங்கள் கேட்டுப் போகிற வரைபடத்தின் பிறப்பு அங்கேதான். முதலாவது அரச வர்த்தமானி 1802 மார்ச் 15ஆம் திகதி அவருடைய காலத்தில்தான் வந்தது. அம்மைக்குத் தடுப்பு குத்துவதும் அந்த வருஷம் தொடங்கியது. ஒல்லாந்தர் விட்டுப்போன பள்ளிக்கூடங்களைத் திரும்ப எழுப்பப் பார்த்தார், கோர்டினர் என்ற பாதிரியாரை அதற்குப் பொறுப்பாக வைத்தார். லண்டன் செலவைக் குறை என்றது, பள்ளிக்கூடத் திட்டம் மெலிந்து போயிற்று. எனக்கு அவரிடம் மதிப்பு வருவது இந்தப் பள்ளிக்கூட விஷயத்தில்தான், நானும் 30 வருஷம் சோக்கட்டி பிடித்தவன் என்பதால் இருக்கலாம்.

கெட்டது கண்டி. கண்டி அரசின் முதலமைச்சரான மகா அதிகாரம் பிலிமத்தலாவையோடு மறைவில் பேச்சு நடத்தி, அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை இறக்கப் பார்த்து, 1803 பெப்ரவரியில் படையை அனுப்பிக் கண்டியைப் பிடித்து முத்துசாமி என்ற இளவரசனை அரசனாக நிறுத்தினார். ஜூனில் எல்லாம் இடிந்து விழுந்தது. காய்ச்சலில் படுத்த படை, மேஜர் டேவி சரணடைந்தார், முத்துசாமி கொல்லப்பட்டார், சரணடைந்த ஆங்கிலப் படையினரை மகாவலிக் கரையில் கொன்றார்கள். மேசையில் இருந்து போட்ட கணக்கு அது, மலையும் மழையும் காய்ச்சலும் அந்தக் கணக்கில் இல்லை. அமெரிக்காவில் தகப்பன் நடத்திய போரும் கடல் தாண்டிய தூரத்திலிருந்து போட்ட கணக்குத்தான்.

இங்கிருந்து போன பிறகு என்ன ஆனார்?
(காரைதீவு வாசகர்)

1805இல் போனார். அடுத்து வந்த தேசாதிபதி தோமஸ் மெயிற்லண்ட் இவருடைய பல ஏற்பாடுகளைத் தலைகீழாக்கினார். 1817இல் இரண்டாவது அண்ணனும் இறந்து, 50 வயதில் கில்போர்ட் ஏர்ள் பட்டமும் சொத்தும் இவர் கைக்கு வந்தது. அந்தக் காசை வைத்து, தான் ஞானஸ்நானம் பெற்ற அதே கோர்புத் தீவில் கிரேக்கப் பிள்ளைகளுக்கு ஒரு பல்கலைக்கழகம் கட்டப் புறப்பட்டார். அங்கே பிரித்தானிய ஆட்சியாளராக இருந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே மெயிற்லண்ட்! அவர் விடவில்லை. 1824 ஜனவரியில் மெயிற்லண்ட் இறந்தார், அந்த மே மாதம் அயோனியன் கல்விக்கழகம் திறந்தது. பாடமெல்லாம் கிரேக்க மொழியில். மாணவர்களுக்குப் பழைய கிரேக்கர் உடுத்தின மாதிரி அங்கி, தானும் அப்படியே உடுத்திக்கொண்டு நடந்தார், பார்த்த ஆங்கிலேயர் சிரித்தார்கள். சிரிக்க ஒன்றுமில்லை என்றுதான் நான் சொல்வேன். ஒரு சனத்தின் பிள்ளைகளுக்கு உயர்கல்வியை அவர்களுடைய மொழியிலேயே கொடுக்க வேண்டும் என்று 200 வருஷத்துக்கு முன்னால் தன் காசைக் கொட்டினவர். அந்த எண்ணம் கொழும்பில் இருந்த ஏழு வருஷத்தில் தமிழுக்கும் சிங்களத்துக்கும் வந்திருந்தால் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

1827 ஒக்டோபரில் லண்டனில் இறந்தார். கல்விக்கழகத்துக்கு அவர் கொடுத்திருந்த பெரிய நூலகம் இங்கிலாந்துக்குத் திரும்பி ஏலத்தில் துண்டு துண்டாக விலைபோனது.

நோர்த்துக்கும் மட்டக்களப்புக்கும் நேரடித் தொடர்பு ஏதாவது உண்டா?
(ஓய்வுபெற்ற கிராம அலுவலர், மண்டூர்)

உண்டு, ஐயா. 1800இல் அவர் பல்லக்கும் யானையும் நூற்றுக்கணக்கான கூலிகளுமாகக் கரையோரம் சுற்றி வந்தது ஒன்று. ஆனால் நம்முடைய மண்ணுக்குப் பெரிய தொடர்பு 1804.

கண்டியில் பட்ட அடிக்குப் பதிலடி கொடுக்க, பல பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் கண்டிக்குப் படை அனுப்புவது என்று அந்த வருஷம் ஒரு திட்டம் போட்டார்கள். மட்டக்களப்பிலிருந்து புறப்பட வேண்டிய பிரிவுக்குத் தலைவர் கப்டன் ஆதர் ஜோன்ஸ்டன். பிறகு திட்டம் மாறியது, அவருக்கு வந்த கட்டளை தெளிவாக இல்லை, போ என்றுதான் சொல்கிறார்கள் என்று விளங்கிக்கொண்டு செப்டெம்பர் 20ஆம் திகதி சுமார் 300 படையினரோடும் நூற்றுக்கணக்கான சுமை தூக்கிகளோடும் மட்டக்களப்பை விட்டு மேற்கே நடந்தார். வேறு எந்தப் பிரிவும் புறப்படவில்லை. காட்டுக்குள்ளாலும் மலைக்குள்ளாலும் அடி வாங்கி ஒக்டோபரில் கண்டிக்குப் போய்ச் சேர்ந்தால் ஊர் வெறிச்சோடிக் கிடக்கிறது, உதவிக்கு வர வேண்டிய ஒரு படையும் அங்கே இல்லை. சில நாள் பார்த்திருந்துவிட்டுத் திருகோணமலைப் பக்கமாகச் சண்டை போட்டுக்கொண்டே திரும்பினார். 1810இல் அந்தப் பயணத்தைப் புத்தகமாகவும் எழுதினார்.

அந்தப் புத்தகத்தால் ஜோன்ஸ்டனின் பெயர் நிலைத்துவிட்டது. அரிசி மூட்டையும் காயப்பட்டவனையும் தோளில் சுமந்து போன மனிதர்களின் பெயர் ஒன்றையும் நான் இதுவரை எங்கும் பார்த்ததில்லை. மட்டக்களப்பில் தொடங்கிய பயணம், அவர்களில் பலர் நம்முடைய வாவிக்கரை ஊர்களிலிருந்து போயிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். யாருடைய வீட்டிலாவது, கண்டிச் சண்டைக்குச் சாமான் தூக்கப் போன பூட்டன் திரும்பி வரவில்லை என்றோ, திருகோணமலைக் கரையால் நடந்து வந்து சேர்ந்தான் என்றோ பழைய பேச்சு ஒன்று இருந்தால், பெத்தம்மாமாரிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். ஒரு வரியாக இருந்தாலும் பரவாயில்லை, கோட்டைமுனைப் பாலம் பற்றிய கேள்விகளோடு சேர்த்து அடுத்த இதழில் போடுகிறேன்.